ஜான் ஹர்ட்டின் கட்டைவிரல்

கேள்வி இதுதான்: மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் பாடும்போது இரண்டு கிட்டார் ஒலிப்பது போலக் கேட்கிறதே, ஒரே ஆள்தான் வாசிக்கிறாரா? அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டு வகையான ப்ளூஸைப் பாடுகிறவர் என்கிறார்கள், ஆனால் அழுகையும் கதறலும் காணோமே? அவர் யார், அந்த வாசிப்பை எங்கிருந்து பழகத் தொடங்குவது?

ஒரே ஆள், ஒரே கிட்டார், வலது கையில் மூன்று விரல்கள். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளம் தவறாமல் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் பாட்டின் மெட்டை வாசிக்கும். மோதிர விரலைக் கிட்டாரின் மேல்பலகையில் ஊன்றிக்கொள்வார். இரண்டு கிட்டார் போலத் தோன்றுவதற்குக் காரணம், அந்தக் கட்டைவிரல் மெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் தன் வேலையை மட்டும் பார்ப்பதுதான். ஹர்ட்டைப் பழக நினைப்பவர் பத்தில் எட்டுப் பங்கு உழைப்பைக் கட்டைவிரலுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன். முதலில் ஆளைப் பற்றி.

முழுப்பெயர் ஜான் ஸ்மித் ஹர்ட். மிஸிஸிப்பி மாநிலம் கரோல் கவுன்டியில் டியோக் என்ற இடத்தில் பிறந்தார். பிறந்த ஆண்டை 1892 என்றும் 1893 என்றும் இரு விதமாகச் சொல்வார்கள். வளர்ந்ததும் வாழ்ந்ததும் பக்கத்திலுள்ள அவலான் என்ற சிற்றூரில். கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் இடையே, டெல்டா சமவெளி முடிந்து குன்றுகள் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது அந்த ஊர். இந்த நிலவியல் முக்கியம். 'டெல்டா ப்ளூஸ்' என்றதும் நினைவுக்கு வரும் சார்லி பேட்டன், சன் ஹவுஸ் போன்றவர்களின் முரட்டுக் குரலும் அறைந்து வாசிக்கும் கிட்டாரும் சமவெளியின் பெரிய பருத்திப் பண்ணைகளைச் சேர்ந்தவை. ஹர்ட் வாசித்தது அதைவிடப் பழைய இசை. நாட்டுப்புறக் கதைப்பாடல், துள்ளல் தாளம் கொண்ட ராக்டைம், தேவாலயப் பாட்டு, நடனத்துக்கான மெட்டு எல்லாம் கலந்தது. இப்படி எல்லா வகையும் பாடுகிறவரை அமெரிக்கத் தெற்கில் 'சாங்ஸ்டர்' என்பார்கள். பாட்டுக்காரர் என்று நாம் சொல்வது அதற்கு நன்றாகவே பொருந்தும். அவர் பாடியவற்றில் பல பாடல்கள் 12 தாள வட்டங்கள் கொண்ட வழக்கமான ப்ளூஸ் கட்டுக்குள் வராது. எனவே கதறல் இல்லையே என்று கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

ஏறத்தாழ ஒன்பது வயதில் தானாகவே கிட்டார் பழகினார். அவர்கள் வீட்டுக்கு வந்து தங்கும் ஒருவரிடம் கிட்டார் இருந்தது. அதைத் தொடச் சிறுவனுக்கு அனுமதியில்லை. அவர் தூங்கிய பிறகு இரவில் எடுத்து வாசித்துப் பார்ப்பாராம். பிறகு அம்மா ஒன்றரை டாலருக்கு ஒரு பழைய கிட்டார் வாங்கிக் கொடுத்தார். யாரும் விழித்துவிடக் கூடாது என்று வாசிக்கத் தொடங்கியவரின் தொடுதல் கடைசிவரை மென்மையாகவே இருந்தது. இதற்கும் அதற்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்கும்போது அந்த இரவுகள் நினைவுக்கு வராமல் இருக்காது.

பிழைப்புக்கு இசையை நம்பவில்லை. விளைச்சலில் பங்கு தரும் வாரமுறையில் உழுதார், கூலிக்குப் போனார், மாடு மேய்த்தார், சில மாதங்கள் ரயில் பாதை வேலையும் பார்த்தார். 'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்' அந்த ரயில் பாதைக் கூட்டத்தில் கேட்ட பாட்டிலிருந்து வந்தது. ஜான் ஹென்றி என்ற சம்மட்டிக்காரன் இயந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்துச் செத்துப்போன கதை அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்தது. மற்றவர்கள் அவனை வீரனாகப் பாடுவார்கள். ஹர்ட்டின் பாட்டில் வரும் தொழிலாளியோ, இந்தச் சம்மட்டி ஜான் ஹென்றியைக் கொன்றது, என்னைக் கொல்லப் போவதில்லை என்று அதைக் கீழே வைத்துவிட்டு ஊரைப் பார்க்க நடக்கிறான். குரலை உயர்த்தாமல், கோபமே இல்லாமல் இதைப் பாடுகிறார். கூலி வேலை செய்த ஒருவரின் முடிவு அது. எனக்கு அவர் பாடல்களில் இதுதான் முதலிடம்.

சனிக்கிழமை இரவு நடனங்களுக்கு வாசிப்பார். வில்லி நார்மர் என்ற வெள்ளைக்கார ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) வித்வான் அந்தப் பகுதியில் பெயர் பெற்றவர். அவருடைய வழக்கமான கிட்டார் துணை ஷெல் ஸ்மித் வர முடியாத நாட்களில் ஹர்ட் உடன் வாசிப்பார். ஃபிடிலுக்குத் துணை வாசிப்பவர் தாளத்தை ஒரு நொடி தவறவிட்டாலும் ஆடுபவர்களின் கால் இடறும். அவருடைய கட்டைவிரல் அவ்வளவு உறுதியாக இருப்பதற்கு ஃபிடிலும் நடனமும் ஒரு பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நார்மருக்கு ஓக்கே இசைத்தட்டு நிறுவனத்தில் பதிவு வாய்ப்பு கிடைத்தபோது, தயாரிப்பாளர் டாமி ராக்வெல்லிடம் ஹர்ட்டின் பெயரைச் சொன்னார். 1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் எட்டுப் பாடல்கள் பதிவாயின. ஒரு பெரிய கூடம், உள்ளே அவரும் இன்னும் இரண்டு பேரும் மட்டும். நாற்காலியில் உட்கார வைத்து, மைக்கை வாயருகே தள்ளி, சரியான இடம் கிடைத்ததும் இனி அசையக் கூடாது என்றார்களாம். தலையை ஆட்டாமல் பாடிப் பாடி, பல நாட்களுக்குக் கழுத்து வலித்தது என்று பின்னாளில் சொன்னார். அந்த எட்டில் வெளிவந்தவை இரண்டு மட்டும்: 'ஃபிராங்கி', 'நோபடிஸ் டர்ட்டி பிசினஸ்'. மைக் வழியாகப் பதியும் மின்னொலிப் பதிவு 1925 வாக்கில்தான் வந்திருந்தது. அதற்கு முன் இருந்த கூம்புக் குழாயில் பாடுகிறவர் உரக்கப் பாடியாக வேண்டும். மூன்றாண்டு முன்னால் போயிருந்தால் ஹர்ட்டின் குரல் தட்டில் ஏறியே இருக்காது.

அந்தத் தட்டு ஓரளவு விற்றதால் நவம்பரில் ராக்வெல்லிடமிருந்து கடிதம் வந்தது. நியூயார்க்குக்கு வந்தால், ஏற்றுக்கொள்ளப்படும் பாடலுக்கு 20 டாலரும் போகவர முழுச் செலவும் தருவதாகவும், எட்டுப் பாடல்களில் குறைந்தபட்சம் நான்கு முந்தைய தட்டைப் போன்ற பழைய பாட்டாக இருக்கட்டும் என்றும் அதில் இருந்தது. 1928 டிசம்பர் 21, 28 ஆகிய இரு நாட்களில் அங்கே பதிவு செய்தார். புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் லானி ஜான்சனை அங்கே சந்தித்தார். ஊர் நினைவில் ஒரு பாட்டும் கட்டினார்: 'அவலான் ப்ளூஸ்'. அவலான் என் சொந்த ஊர், எப்போதும் என் மனசில் என்பது அதன் பொருள். இந்த வரியை மறக்க வேண்டாம், 35 ஆண்டு கழித்து அதுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. பெயருக்கு முன்னால் 'மிஸிஸிப்பி' ஒட்டியது விற்பனைக்காக நிறுவனம் செய்த வேலை. ஊரில் அவர் வெறும் ஜான்தான்.

பிறகு பொருளாதார மந்தம் வந்தது, இசைத்தட்டு வியாபாரம் படுத்தது. ஹர்ட் அவலானுக்குத் திரும்பி மண்வெட்டியைப் பிடித்தார். மெம்ஃபிஸ், நியூயார்க் பதிவுகளில் இன்று நம் கையில் இருப்பவை 13 பாடல்கள். 1952இல் ஹாரி ஸ்மித் தொகுத்து ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட அமெரிக்க நாட்டுப்புற இசைத் திரட்டில் 'ஃபிராங்கி'யும் 'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸும்' இடம்பெற்றன. அதைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் இவர் எப்போதோ இறந்திருப்பார் என்றே நினைத்தார்கள்.

1963இல் வாஷிங்டனில் இருந்த இசைத்தட்டு சேகரிப்பாளர் டிக் ஸ்பாட்ஸ்வுட்டின் கையில் 'அவலான் ப்ளூஸ்' பதிவின் நகல் ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்துப் புதிய வரைபடங்களில் அவலான் இல்லை. 19ஆம் நூற்றாண்டு அட்லஸ் ஒன்றில் இருந்தது. நண்பர் டாம் ஹாஸ்கின்ஸ் காரோட்டிக்கொண்டு போய், ஊரில் இருந்த ஒரே கடையில் விசாரித்தார். சாலையில் ஒரு மைல் போய், மூன்றாவது தபால் பெட்டிக்கு அருகே மேட்டில் ஏறுங்கள் என்று சாதாரணமாகப் பதில் வந்தது. முன்பின் தெரியாத வெள்ளைக்கார இளைஞனைப் பார்த்த ஹர்ட், உளவுத்துறை ஆளோ என்று அஞ்சினார். அந்த அச்சத்தை இன்று சிலர் வேடிக்கையாகச் சொல்வது சரியல்ல. அதே மாதங்களில் சில மைல் தொலைவிலிருந்த கிரீன்வுட்டில், வாக்காளர் பட்டியலில் பெயர் பதியச் சென்ற கறுப்பின மக்கள் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் வந்து நிற்கும் அந்நியரைக் கண்டு பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது.

அப்போது அவரிடம் சொந்தக் கிட்டார் இல்லை. ஹாஸ்கின்ஸ் கொண்டுபோனதை வாங்கி வாசித்துக் காட்டினார், ஆள் இவர்தான் என்று உறுதியானது. அடுத்த ஆண்டு இதேபோல் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட சன் ஹவுஸுக்குத் தன் பழைய பாடல்களே மறந்திருந்தன. ஆலன் வில்சன் என்ற இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கே நினைவூட்ட வேண்டியிருந்தது. ஹர்ட்டின் விரல்களில் தேய்மானம் வியக்கத்தக்க அளவு குறைவு. 1928 பதிவையும் 1963 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேகம் கொஞ்சம் தணிந்திருக்கும், குரல் இன்னும் கனிந்திருக்கும், கட்டைவிரல் அதே கட்டைவிரல்.

அதே ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகவும் பாடல்களைப் பதிவு செய்தார். கல்லூரிகள், காப்பிக் கடைகள், தொலைக்காட்சி என்று மூன்று ஆண்டுகள் ஓயாமல் அழைப்பு. நியூபோர்ட் அமைப்பு அவருக்கு ஒரு கிட்டார் வாங்கித் தர முன்வந்தபோது, விலையுயர்ந்த எதையும் எடுக்காமல், எளிமையான கில்ட் எஃப்-30 ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வேன்கார்டு நிறுவனத்தின் பிற்காலத் தட்டுகளின் ஒலி பெரும்பாலும் அந்தக் கிட்டாருடையது. 1966 நவம்பர் 2 அன்று கிரெனடாவில் மாரடைப்பால் இறந்தார். பதிவுகளின் உரிமை பற்றிய வழக்குகள் அதன்பின் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அவர் வாழ்ந்த சின்ன மரவீட்டைப் பேத்தி காப்பாற்றி அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார். 2024இல் அது தீக்கிரையானது பெரிய இழப்பு.

இனி வாசிப்பு. கையில் கிட்டார் இருப்பவர்களுக்காகச் சற்று நுணுக்கமாகவே எழுதுகிறேன். மெல்லிய கம்பி 1, தடித்த கம்பி 6. சுருதி வழக்கமானதுதான், மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் 6இலிருந்து 1 வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ.

ஹர்ட் கம்பியை மீட்ட விரலில் மாட்டும் உறை எதுவும் போடவில்லை, வெறும் விரல்நுனியால் வாசித்தார். நகம் நீளமாக இருந்தால் ஒலி கூராகிவிடும். எனவே நகத்தைத் தோலோடு ஒட்ட வெட்டிவிட்டுச் சதையால் வாசியுங்கள். ஸ்டீல் கம்பி வேண்டும், கம்பித் தடிமன் 11 அல்லது 12இல் தொடங்கும் செட் போதும். புதுக்கம்பி பளபளவென்று ஒலிக்கும், இரண்டு வாரம் வாசித்த கம்பியில்தான் இந்த இசை அழகாக உட்காரும். பெரிய உடல் கொண்ட கிட்டாரில் பேஸ் (தடித்த கம்பிகளின் கீழ் ஒலி) அதிகமாக முழங்கி மெட்டை மூடிவிடும். சின்ன உடல் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கட்டைவிரலின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

சி கார்டில் (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க இடது கை பிடிக்கும் நிலை) தொடங்குங்கள். இடது கை மோதிர விரல் 5ஆம் கம்பியில் 3ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை), நடுவிரல் 4ஆம் கம்பியில் 2, ஆட்காட்டி 2ஆம் கம்பியில் 1. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கட்டைவிரல் ஒருமுறை: 5, 4, 5, 4. வேறு எதுவும் வேண்டாம். தினம் பத்து நிமிடம், ஒரு வாரம். சலிப்பாக இருக்கும், இருந்தாலும் விடாதீர்கள். சரியாகப் பதிந்துவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டைவிரலை ஓடவிட்டுக்கொண்டே வீட்டில் யாருடனாவது பேசுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். பதில் சொல்லும் நொடியில் விரல் தயங்கினால் இன்னும் பதியவில்லை என்று பொருள். இந்தக் கட்டத்தைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து, எனக்கு வரவில்லை என்று கிட்டாரை மூலையில் வைக்கிறார்கள்.

அடுத்தது கிள்ளல். ஒன்று என்று எண்ணும்போது கட்டைவிரல் 5ஐத் தட்டும் அதே நொடியில் நடுவிரல் 1ஆம் கம்பியை மேல்நோக்கி இழுக்கட்டும். இரண்டும் ஒரே ஒலியாகக் கேட்க வேண்டும். அது வந்ததும் அதே 1ஆம் கம்பியைத் தட்டுக்கு நடுவே, அதாவது 'ஒன்று-உம்' என்று எண்ணும்போது வரும் 'உம்' மேல் வாசியுங்கள். ஹர்ட்டின் இசையில் இருக்கும் துள்ளல் முழுவதும் இந்த இரண்டு இடங்களின் கலவைதான். மெட்டின் ஒரு ஸ்வரம் தாளத்தோடு சேர்ந்து விழும், அடுத்தது தாளத்துக்கு நடுவில் விழும்.

இப்போது முழு வட்டம். ஒன்று: கட்டைவிரல் 5, கூடவே நடுவிரல் 1ஆம் கம்பி. ஒன்று-உம்: சும்மா. இரண்டு: கட்டைவிரல் 4. இரண்டு-உம்: ஆட்காட்டி 2ஆம் கம்பி. மூன்று: கட்டைவிரல் 5. மூன்று-உம்: நடுவிரல் 1ஆம் கம்பி. நான்கு: கட்டைவிரல் 4. நான்கு-உம்: ஆட்காட்டி 2ஆம் கம்பி. இது தடையில்லாமல் ஓடத் தொடங்கியதும் மெட்ரோனோமை ஐந்து ஐந்தாக ஏற்றி 100 வரை கொண்டுபோங்கள். தடுமாறினால் பத்து இறக்குங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. பேஸை இன்னும் செழிப்பாக்க விரும்பினால் மூன்றாவது தட்டில் மோதிர விரலை 5ஆம் கம்பியிலிருந்து 6ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தி 5, 4, 6, 4 என்று வாசிக்கலாம்.

கார்டு மாற்றத்தில் பலர் விழுவது எஃப் கார்டில். ஆட்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அழுத்தும் பாரே முறை இங்கே வேண்டாம். ஹர்ட் இடது கைக் கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே வளைத்து 6ஆம் கம்பியின் 1ஆம் ஃப்ரெட்டை அழுத்துவார். 4ஆம் கம்பியில் 3க்கு மோதிர விரல், 3ஆம் கம்பியில் 2க்கு நடுவிரல், முதல் இரண்டு கம்பிகளின் 1ஆம் ஃப்ரெட்டுக்குப் படுத்த ஆட்காட்டி. வலது கை பேஸ் 6, 4, 6, 4. சுண்டுவிரல் முழு விடுதலையாக இருக்கிறது அல்லவா, மெட்டை வாசிக்க அந்த விரல் தேவை. பாரே பிடித்தால் கை இறுகி அந்தச் சுதந்திரம் போய்விடும். உள்ளங்கையைக் கழுத்திலிருந்து விலக்கிப் பிடித்தால் கட்டைவிரல் மேலே எட்டாது. உள்ளங்கை கழுத்தைத் தொட்டபடி இருக்கட்டும், கிளாசிக்கல் ஆசிரியர்கள் திட்டுவார்கள், இந்த இசைக்கு அதுதான் சரியான பிடி. ஜி7க்கு மோதிர விரல் 6ஆம் கம்பி 3, நடுவிரல் 5ஆம் கம்பி 2, ஆட்காட்டி 1ஆம் கம்பி 1, பேஸ் 6, 4.

மூன்று கார்டும் வந்தபின் வட்டத்தை விட்டுவிடுங்கள். இதைச் சொல்லாமல் விடும் பாடங்கள்தான் அதிகம். ஹர்ட் வாசித்தது மாறாத விரல் வட்டத்தை அல்ல, பாடும் மெட்டை. சி கார்டைப் பிடித்தபடி மெல்லிய கம்பிகளில் மெட்டைத் தேடுங்கள்: 1ஆம் கம்பி திறந்தால் ஈ, 3ஆம் ஃப்ரெட்டில் சுண்டுவிரல் வைத்தால் ஜி. 2ஆம் கம்பி 3இல் டி, 1இல் சி, திறந்தால் பி. 3ஆம் கம்பி 2இல் ஏ, திறந்தால் ஜி. அந்த ஏ வரும் இடத்தில் நடுவிரலை 4ஆம் கம்பியிலிருந்து எடுத்து வைத்தால் பேஸ் ஈயிலிருந்து டியாக மாறிக் கரகரக்கும். எனவே ஏவுக்குச் சுண்டுவிரலைப் பயன்படுத்துங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏதாவது எளிய மெட்டை, தாலாட்டானாலும் சரி, இந்த ஏழு இடங்களில் கண்டுபிடித்துக் கட்டைவிரல் ஓட்டத்தின் மேல் வையுங்கள். அது முடிந்த நாளில் ஹர்ட்டின் பாடல்கள் உங்களுக்குத் திறந்துவிடும்.

அவர் பாடல்களில் 'லூயிஸ் காலின்ஸ்', 'கிரியோல் பெல்' இரண்டும் சி நிலையில் இருப்பவை, முதலில் எடுத்துக்கொள்ள ஏற்றவை. 'கிரியோல் பெல்' 1900இல் ஜே. போடவால்ட் லாம்பே எழுதிய ராக்டைம் மெட்டிலிருந்து வந்தது. ஊரார் வாய்வழி வந்து, ஹர்ட்டிடம் சின்னக் காதல் பாட்டாகச் சுருங்கியிருக்கிறது. 'லூயிஸ் காலின்ஸ்' ஒரு கொலையைப் பற்றியது, ஊரில் பேசிக்கொண்டதைக் கேட்டு அவரே கட்டியது. அவ்வளவு துயரமான செய்தியைத் தாலாட்டு போன்ற மெட்டில் பாடுவதால், தாயின் அழுகை இன்னும் ஆழமாக இறங்குகிறது. 'ஸ்பைக் டிரைவர்' ஜி நிலையில், கார்டு மாற்றம் அநேகமாக இல்லாமலே ஓடும். இடது கைக்கு எளிது, வலது கைக்குக் கடினம். அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

'ஃபிராங்கி' வழக்கமான சுருதியில் வராது. திறந்த ஜி சுருதி வேண்டும்: 6ஆம் கம்பியை ஈயிலிருந்து டிக்கும், 5ஐ ஏயிலிருந்து ஜிக்கும், 1ஐ ஈயிலிருந்து டிக்கும் தளர்த்துங்கள். மற்ற மூன்றையும் தொட வேண்டாம். 'பே டே' என்ற பாட்டுக்குத் திறந்த டி: 6ஐயும் 1ஐயும் டிக்கு, 3ஐ ஜியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு, 2ஐ பியிலிருந்து ஏவுக்கு. எல்லாமே தளர்த்தல்தான் என்பதால் கம்பி அறுந்துவிடும் என்ற பயம் வேண்டாம். தளர்த்திய கம்பி சிறிது நேரத்தில் மறுபடி சற்று நகரும், ஒருமுறை மெல்ல இழுத்துவிட்டு இன்னொரு தரம் சுருதி பாருங்கள். பழைய தட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது சுருதி சேரவில்லையென்றால் உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளின் வேகம் துல்லியமாக இல்லாததால் நகல்கள் அரைச் சுரம் கூடவோ குறையவோ ஒலிப்பது உண்டு. கிட்டாரைத் தட்டுக்கு ஏற்பச் சற்று ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போடுங்கள்.

வழக்கமாக எங்கே கெடுகிறது என்றும் சொல்கிறேன். முதல் பிழை, மெட்டு தாளத்துக்கு நடுவே வரும்போது கட்டைவிரலும் கூடவே நடுவுக்கு இழுபடுவது. மூளை இரண்டு விரலையும் ஒரே கட்டளையாக அனுப்புவதால் இது நடக்கிறது. மருந்து வேகத்தைப் பாதியாகக் குறைப்பது மட்டுமே. இரண்டாவது, கார்டு மாற்றும் நொடியில் பேஸ் நின்றுபோவது. இடது கை முழுதாக அமரும்வரை வலது கை காத்திருக்கிறது. காத்திருக்க விடாதீர்கள். மாற்றும்போது பேஸ் விரலை முதலில் வையுங்கள், மெட்டு விரல்கள் அரைத் தட்டு தாமதித்து வந்தாலும் யாருக்கும் தெரியாது. மூன்றாவது, பேஸ் மெட்டைவிட உரக்கப் போவது. கட்டைவிரல் கனமானது, கம்பியும் தடித்தது. எனவே இயல்பாகவே இப்படி ஆகும். கட்டைவிரலைக் கம்பிக்கு மிக அருகில் வைத்துத் தொடுவது போலத் தட்டுங்கள். மெர்ல் ட்ராவிஸ் என்ற கிட்டார் கலைஞரின் பாணியில் உள்ளங்கையால் பேஸைக் கட்டையாக அடக்குவார்கள். ஹர்ட்டிடம் அவ்வளவு அடக்கம் கிடையாது, பேஸ் ஸ்வரமாகவே ஒலிக்கும்.

ஊன்றிய மோதிர விரலை அழுத்துவது இன்னொரு பிழை. அது கையின் இடத்தை நினைவூட்டத்தான் இருக்கிறது. அழுத்தினால் மேல்பலகையின் அதிர்வு குறைந்து ஒலி மங்கும், முன்கையும் வலிக்கும். இருபது நிமிடத்தில் வலி வந்தால் எங்கோ அழுத்துகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பாடிக்கொண்டே வாசிப்பது கடைசிப் படி. விரல்கள் வாசிப்பதும் வாய் பாடுவதும் ஒரே மெட்டு என்பதால் நினைப்பதைவிட எளிது. ஆனால் உரக்கப் பாடக் கூடாது. ஹர்ட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போலத்தான் பாடினார். சில இடங்களில் வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமலே விட்டுவிட்டு, கிட்டாரை அதைச் சொல்ல விடுவார். அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு கேளுங்கள். கிட்டார் அவருக்கு எந்த அளவு இன்னொரு குரலாக இருந்தது என்பது அங்கே தெரியும்.

கேட்பதற்கு வரிசை: முதலில் 1966இல் வந்த 'டுடே', வேன்கார்டு வெளியீடு. ஒலி தெளிவாக இருப்பதால் எந்த விரல் எந்தக் கம்பியில் என்று பிரித்தறிய முடியும். அதிலுள்ள 'காஃபி ப்ளூஸ்' பாட்டில் வரும் ஒரு சொற்றொடரிலிருந்துதான் 'லவின் ஸ்பூன்ஃபுல்' என்ற ராக் குழு தன் பெயரை எடுத்தது. அடுத்து நாடாளுமன்ற நூலகப் பதிவுகள். காது பழகியபின் 1928ஆம் ஆண்டின் 13 பாடல்கள். தட்டின் இரைச்சலுக்குப் பின்னால் முப்பத்தைந்து வயது ஜானின் வேகம் இருக்கிறது, 'ஃபிராங்கி'யில் அது மூச்சு வாங்க வைக்கும். அந்தப் பாட்டின் கதை 1899இல் செயின்ட் லூயிஸில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூடு. ஹர்ட்டின் இன்னொரு பாட்டான 'ஸ்டாக் ஓ லீ'யின் கதையும் அதே நகரில் 1895 கிறிஸ்துமஸ் இரவில் நடந்த கொலைதான்.

இன்றே தொடங்குவதாக இருந்தால், 'டுடே' தட்டிலிருந்து ஒரே ஒரு பாட்டை எடுத்து, மெட்டை விட்டுவிட்டுப் பேஸ் கம்பிகளை மட்டும் கேட்டபடி கட்டைவிரலால் தொடையில் தட்டிப் பாருங்கள். பாட்டு முடியும்வரை ஒரு தட்டும் தவறவில்லையென்றால் கிட்டாரைக் கையில் எடுக்கலாம்.